எல்லோருக்கும் எழுபத்திரண்டு

நம் போன் கடைக் கவுண்டருக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கச்சிமாருக்கு,

அடுத்த மாதம் புது வாச்சு வருகிறதாம். கையில் கட்டினால் நாடி பார்க்கும், நடந்த அடியை எண்ணும், தூங்கினோமா இல்லையா என்று காலையில் சொல்லும் அந்த ஸ்மார்ட் வாச்சில் புது மாடல். முதலாளியின் மகன் நேற்று போன் எடுத்து, "அங்கிள், கடைக்குப் புதுசா மூணு பேர் வந்திருக்காங்க. ஆக்கள் இப்பவே வந்து வாச்சைப் பத்திக் கேக்குறாங்க. என்ன சொல்லணும்னு ரெண்டு வரி எழுதிக் குடுங்க" என்றார். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இரண்டு வரியில் அடக்க எனக்குத் தெரியாது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். பிள்ளையார் துணை இருக்கட்டும்.

பெட்டியைப் பிரிப்பது, போனோடு இணைப்பது எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் சொல்ல வந்தது வாச்சு வருவதற்கு முந்திய நாட்களைப் பற்றி. சாமான் கடைக்கு வந்தபின் பொய் சொல்வது கஷ்டம். கையில் எடுத்துப் பார்த்துவிடுவார்கள். வருவதற்கு முன்புதான் நம் வாய் எங்கெங்கோ போகும்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்திய வருடம். மாத்தளை டவுனில் நம் கடையில் அதுவரை ஸ்மார்ட் வாச்சு விற்றதில்லை. ஒரு கம்பெனி, பெயர் வேண்டாம், இரண்டு வாரத்தில் வாச்சு வருகிறது, வெள்ளிக்கிழமை எல்லாக் கடையிலும் ஒரே நாளில் விற்பனை தொடங்கும் என்று அறிவித்தது. சுவரில் ஒரு பெரிய படம் ஒட்டினோம். அவ்வளவுதான். அடுத்த நாளிலிருந்து போன் வாங்க வந்தவனெல்லாம் போனை மறந்துவிட்டு வாச்சைக் கேட்க ஆரம்பித்தான்.

என்னவெல்லாம் கேட்டார்கள் என்கிறீர்கள்! தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு தங்கச்சி, "அண்ணே, அட்டை கடிச்சா சொல்லுமா?" என்றாள். வில்கமுவவிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த ஒரு வயல்காரர், யானை வேலிக்குப் பக்கத்தில் வந்தால் கையில் அடிக்குமா என்று சிங்களத்தில் கேட்டார். ஒருவர் சத்தமில்லாமல் காதருகே வந்து, தன் மனைவி கையில் இதைக் கட்டிவிட்டால் அவள் கோபமாக இருப்பது முன்கூட்டியே தெரியுமா என்றார். பொய் சொல்வானேன், எனக்கே ஒரு சந்தேகம் இருந்தது. அது ராகுகாலம் காட்டுமா?

எங்கள் முதலாளி, நானா என்றுதான் கூப்பிடுவோம், ஒரு சட்டம் வைத்திருந்தார். "சிவலிங்கம், யாருக்கும் 'இல்ல'ன்னு சொல்லாதீங்க. 'ஆமா'ன்னும் சொல்லாதீங்க. 'வந்தா தெரியும்'னு சொல்லுங்க. அதுல பொய் இல்ல, கேக்குறவருக்கும் மனசு நோகாது."

நானும் அட்டைக்கும் யானைக்கும் மனைவியின் கோபத்துக்கும் "வந்தா தெரியும்" என்றேன். கேட்டவர்கள் எல்லோரும் திருப்தியாகப் போனார்கள். "யானைக்கும் அடிக்குமாம்" என்று வெளியே போய்ச் சொன்னார்கள்.

அந்த நேரத்தில் கம்பெனியின் விற்பனை ரெப், மோட்டார் சைக்கிளில் ஒரு சின்னப் பெட்டியைக் கொண்டுவந்தார். உள்ளே டம்மி வாச்சு. கண்ணாடிப் பெட்டிக்குள் காட்சிக்கு வைக்கிற சாமான் அது. உள்ளே ஒன்றுமே இல்லை, வெறும் பிளாஸ்டிக். முகத்தில் பளபளவென்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அதில் மணி பத்து பத்து, ஒரு மேகம், ஒரு சிவப்பு ஹார்ட், ஹார்ட்டுக்குப் பக்கத்தில் 72 என்ற எண். "அங்கிள், ஸ்டிக்கர் பத்திரம். விக்கிற அன்னைக்கு நான் வந்து பாப்பேன்" என்று சொல்லிவிட்டு ரெப் போனார்.

கடைக்கு எந்தப் புதுச்சாமான் வந்தாலும் நான் பெட்டியில் ஒரு சந்தனப் பொட்டு வைப்பேன். நானா பிஸ்மி சொல்லித் தொடுவார். "உங்க பக்கம் நீங்க பாருங்க, என் பக்கம் நான் பாக்குறேன், நடுவுல கம்பெனி பாத்துக்கும்" என்பார். அந்த டம்மிக்கும் பொட்டு வைத்து, கண்ணாடி அலமாரியில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வைத்தேன்.

அன்று மத்தியானமே கருப்பையா அண்ணன் வந்தார்.

உக்குவளைப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் முப்பது வருடம் லொறி ஓட்டியவர். மீசையும் சத்தமும் பெரிய ஆள். அவர் கடைக்குள் வந்தால் இரண்டு கடை தள்ளி இருப்பவனுக்கும் கேட்கும். அன்று சத்தமில்லாமல் வந்து கதிரையில் உட்கார்ந்தார். முகம் வெளிறியிருந்தது. ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு ஏறும் மேட்டில் இப்போதெல்லாம் மூன்று இடத்தில் நிற்க வேண்டியிருக்கிறது, நெஞ்சு கோழிக்குஞ்சு மாதிரி அடிக்கிறது, பெரிய ஆஸ்பத்திரி கிளினிக்குக்கு வரும் புதன்கிழமை அல்ல, அதற்கடுத்த புதன்கிழமை வரச்சொல்லித் துண்டு கொடுத்திருக்கிறார்கள் என்றார்.

"போகத்தானே வேணும் அண்ணே" என்றேன்.

"எனக்குப் பயமா இருக்கு தம்பி. எங்க மச்சான் நடந்துதான் உள்ள போனாரு. நாலு பேரு தூக்கிட்டுத்தான் வந்தாங்க. இந்த வாச்சு வீட்டுலயே நெஞ்சடிப்பு பாக்குமாமே, அதக் காட்டு."

டம்மியை எடுத்துக் கொடுத்தேன். கட்டிக்கொண்டார். மூக்குக்கண்ணாடி கொண்டுவரவில்லை போலிருக்கிறது, கையை ஒரு முழம் தள்ளி வைத்துப் பார்த்தார், தெரியவில்லை. என் பக்கம் நீட்டினார்.

"என்னா சொல்லுது?"

இங்கேதான் கவனியுங்கள். "அண்ணே, இது டம்மி" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அந்த முகத்தைப் பார்த்தேன். பாவம் என்று இருந்தது. விளையாட்டாகவும் இல்லை, பொய்யாகவும் இல்லை, ஸ்டிக்கரில் இருந்ததை அப்படியே வாசித்தேன்.

"எழுபத்திரண்டு."

"அது நல்லதா?"

"நல்லதுதான் அண்ணே."

மனிதர் எழுந்து நின்றார். மீசையைத் தடவினார். இரண்டு கடை தள்ளிக் கேட்கிற சத்தம் திரும்பி வந்துவிட்டது. "நான் அப்பவே சொன்னேன், எனக்கு ஒண்ணும் இல்லன்னு! முதல் வாச்சு எனக்குத்தான், பேர எழுது!" எழுதினேன். போகட்டும், ஒரு நாளாவது நிம்மதியாகத் தூங்கட்டும், வாச்சு வந்ததும் விஷயத்தைச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். என் மனதில் கெட்ட எண்ணம் ஒரு பொட்டு இல்லை. அதுதான் என் கண்ணை மூடிவிட்டது.

அவர் நேரே உக்குவளை தேத்தண்ணிக் கடைக்குப் போயிருக்கிறார். மறுநாள் காலையில் கடை திறக்கும்போது ஏழு பேர் நின்றார்கள். அதற்கடுத்த நாள் வரிசை பக்கத்துத் துணிக்கடை வாசல்வரை போனது. எல்லோரும் நாடி பார்க்க வந்தவர்கள்.

நான் முதல் ஆளிடமே, "ஐயா, இது ஸ்டிக்கர், உண்மையான வாச்சு இன்னும் வரல" என்று சொல்லிவிட்டேன். அவர் சிரித்தார். "தெரியும் தெரியும். சும்மா ஒருக்கா கட்டிப் பாத்துருவோமே" என்றார். கட்டினார். "எழுபத்திரண்டு! எனக்கும் நல்லா இருக்கு!" என்று சந்தோஷமாகப் போனார். அடுத்தவரும் அப்படியே. ஸ்டிக்கர் என்று தெரிந்தவர்களுக்கும் எழுபத்திரண்டு வந்ததில் ஒரு ஆறுதல் இருந்ததை என் கண்ணால் பார்த்தேன். இதை எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுப்பார்கள் என்று எனக்குத் தெரியாது.

ஒரு தோட்டத்துத் துரையின் டிரைவர் வந்து, "தொரைக்கு எவ்வளவு காட்டுச்சு?" என்று கேட்டார். காலையில் துரையும் வந்து கட்டிப் பார்த்திருந்தார். "அவருக்கும் அதேதான்" என்றேன். "தொரைக்கும் எழுபத்திரண்டு, எனக்கும் எழுபத்திரண்டு!" என்று அவர் கவுண்டரில் தட்டின தட்டில் பென்சில் உருண்டு விழுந்தது. யட்டவத்தையிலிருந்து ஒரு முழு வேன் வந்தது. தமிழ், சிங்களம், முஸ்லிம், எல்லோருக்கும் எழுபத்திரண்டு. "ஊரு இவ்வளவு ஒத்துமையா இருந்து நான் பாத்ததே இல்ல" என்றார் நானா. புக்கிங் கொப்பி நிறைந்துகொண்டு போனது. நானும் வரிசையை ஒழுங்குபடுத்துகிறவனாகிவிட்டேன். இரண்டாம் நாளுக்குப் பிறகு ஸ்டிக்கர் என்று சொல்வதையும் விட்டுவிட்டேன். வாய் வலித்தது என்பது நான் எனக்குச் சொல்லிக்கொண்ட சாட்டு.

விற்பனை வெள்ளிக்கிழமை. அதற்கு முந்திய செவ்வாய்க்கிழமை கருப்பையா அண்ணனின் மனைவி மீனாட்சி அக்கா கடைக்கு வந்தார். வரிசையில் நிற்கவில்லை. நேரே கவுண்டருக்கு வந்தார்.

"தம்பி, நீங்க செஞ்சது ஞாயமா?"

"என்னாக்கா?"

"நாளைக்கு கிளினிக். போக மாட்டேன்னு துண்டக் கிழிச்சுப் போட்டுட்டாரு. 'வாச்சு நல்லா இருக்குன்னு சொல்லிருச்சு, சிவலிங்கம் நல்லதுன்னு சொல்லிட்டாரு, டொக்டர் என்னாத்துக்கு'ன்னு கேக்குறாரு. ராத்திரி படுக்க முடியாம உக்காந்தே இருக்காரு தம்பி. கால் ரெண்டும் வீங்கிக் கெடக்கு. ஆனா எழுபத்திரண்டாம்!"

வரிசையில் நின்றவர், "அக்கா, நானும் எழுபத்திரண்டுதான்" என்று ஆறுதல் வேறு சொன்னார்.

போன் எடுத்தேன். "அண்ணே, அது வெறும் ஸ்டிக்கர். நான் அன்னைக்கு..." என்று தொடங்குவதற்குள் அவர் சிரித்தார். "தெரியும் தம்பி. வாச்சு குறைவாத்தான் வருதாம். முதல் நம்பர வேற யாருக்கோ குடுக்கப் பாக்குற. நடக்காது." வைத்துவிட்டார்.

நானாவிடம் ஓடினேன். டம்மியை எடுத்துப் போகிறேன் என்றேன். "சிவலிங்கம், வெள்ளிக்கிழமை ரெப் வருவாரு. அதுக்கு ஒண்ணும் ஆகக்கூடாது" என்றார். சரி என்று சொல்லி, திருநீறு பூசிக்கொண்டு, மீனாட்சி அக்காவோடு உக்குவளை பஸ்ஸில் ஏறினேன்.

கருப்பையா அண்ணன் முன்வாசலில் பிளாஸ்டிக் கதிரையில் வெறும் உடம்போடு இருந்தார். பேசும்போது வாக்கியத்துக்கு நடுவே மூச்சு வாங்கியது. நான் டம்மியை எடுத்தேன். பக்கத்தில் சமையலுக்கு ஒரு பூசணிக்காய் இருந்தது. அதன் காம்பில் கட்டினேன்.

"பாருங்க அண்ணே. பூசணிக்காய்க்கும் எழுபத்திரண்டு."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "பூசணியும் உசிருதானே" என்றார். "கொடியில இருந்து அறுத்து ரெண்டு நாள்தான் ஆச்சு."

உள்ளே போய் கேத்தலை எடுத்து வந்தேன். அதன் கைப்பிடியில் கட்டினேன். எழுபத்திரண்டு.

"சூடா இருக்குல்ல. சூட்டுக்குக் காட்டும்."

"அய்யோ!" என்றார் மீனாட்சி அக்கா. அவரே போய் அம்மிக்குழவியைத் தூக்கிவந்து என் முன்னால் வைத்தார். அதில் சுற்றிக் கட்டினேன். "இது கல்லு அண்ணே. கல்லுக்கும் எழுபத்திரண்டு. இப்ப என்ன சொல்றீங்க?"

கருப்பையா அண்ணன் என்னையே பார்த்தார். மூச்சு வாங்கிக்கொண்டு, நிதானமாகச் சொன்னார். "தம்பி, நீ ஒவ்வொரு வெள்ளிக்கெழமையும் அம்மன் கோயில்ல கல்லு முன்னாடி விழுந்து கும்புடுறவன். கல்லுல உசிரு இல்லன்னு உன் வாயால சொல்லு பாப்போம். சொல்லிட்டா நாளைக்கே நான் கிளினிக்குக்கு வர்றேன்."

ஒரு மனிதனின் உயிர் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், நாற்பது வருடமாக நான் கும்பிட்ட கல். குழவியைப் பார்த்தேன். அதில் மஞ்சள் கறை. சொல்ல முடியவில்லை.

"ரெண்டு பேருக்கும் பைத்தியம்" என்றார் மீனாட்சி அக்கா. அழுதுகொண்டே சொன்னார்.

அப்போதுதான் நான் செய்துகொண்டிருந்தது என்னவென்று எனக்கு விளங்கியது. நான் அவருக்கு வாச்சைத்தான் பொய் என்று காட்டப் பார்த்தேன். பொய் சொன்னது வாச்சு இல்லை. ஸ்டிக்கர் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தது. "நல்லதுதான் அண்ணே" என்று சொன்னது நான்.

முருகா என்று சொல்லி, குழவியிலிருந்து டம்மியைக் கழற்றி, அவர் முகத்துக்கு நேரே பிடித்து, ஸ்டிக்கரின் ஓரத்தில் நகத்தை விட்டு இழுத்தேன். சர்ரென்று வந்தது. மேகம், ஹார்ட், எழுபத்திரண்டு எல்லாம் என் விரலில் ஒட்டிக்கொண்டது. உதறினேன். எங்கே போனது என்று பார்க்கவில்லை. கையில் கறுப்புப் பிளாஸ்டிக் மட்டும் இருந்தது, நடுவில் பசை.

அவர் அந்தப் பசையை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"அப்ப எனக்கு எவ்வளவு?"

"எனக்குத் தெரியாது அண்ணே. அன்னைக்கும் தெரியாது. உங்க மொகத்தப் பாத்துப் பயந்து போய்ச் சொல்லிட்டேன். என்ன மன்னிச்சுக்கங்க."

"கவுண்டர்ல நின்னுக்கிட்டா பொய் சொன்ன?"

"ஆமாண்ணே."

"அதுக்கு ஒரு பொட்டு வேற வச்சிருந்த!" என்றார். கோபத்தில் முழுவதும் சொல்ல மூச்சு வரவில்லை. பிறகு மனைவி பக்கம் திரும்பாமலேயே கேட்டார்: "காலைல எத்தன மணிக்கு பஸ்ஸு?"

கிழித்துப் போட்ட துண்டை மீனாட்சி அக்கா பொறுக்கியெடுத்துச் சோற்றுப் பசையால் ஒட்டி சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார்.

மறுநாள் நானும் கூடப் போனேன். கிளினிக்கில் நர்ஸ் மிஸ்ஸி அவர் கையைப் பிடித்து, சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்து, சிங்களத்தில் வாய்க்குள் எண்ணினார். எனக்குச் சிங்களம் தெரியும். ஐம்பது, அறுபது, எழுபது. எழுபத்திரண்டைத் தாண்டினார். கடிகாரத்தின் விநாடி முள் இன்னும் அரைச் சுற்றுகூடப் போகவில்லை. எண்ணுவதை நிறுத்திவிட்டு மிஸ்ஸி எழுந்து டொக்டர் அறைக்கு வேகமாகப் போனார். ஐந்து நிமிடத்தில் தள்ளுவண்டி வந்தது.

டொக்டர் ஒரு பெண்பிள்ளை, என் மகள் வயது இருக்கும். "ஏன் இவ்வளவு நாள் வரல?" என்று கேட்டார். தள்ளுவண்டியில் படுத்துக்கொண்டே கருப்பையா அண்ணன் என்னைக் காட்டினார். "இவருதான் நல்லா இருக்குன்னு சொன்னாரு."

"நீங்க யாரு?"

"வாச்சுக் கடைங்க மிஸ்" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். நாற்பது வருடக் கவுண்டரில் எத்தனையோ பேர் என்னை ஏசியிருக்கிறார்கள். அந்தப் பார்வை மாதிரி ஒன்றும் என்னைச் சுட்டதில்லை.

கடைக்குத் திரும்பி, நானாவின் முன்னால் வெறும் டம்மியை வைத்து, நடந்ததை முழுவதும் சொன்னேன். வேலை போனாலும் போகட்டும் என்றுதான் சொன்னேன். அவர் முகத்தைத் தடவிக்கொண்டார். "அல்லா காப்பாத்தினான்" என்றார். பிறகு, "'வந்தா தெரியும்'னு சொல்லச் சொன்னது நான்தானே" என்றார். தானே ஒரு அட்டையில் எழுதி வாசலில் தொங்கவிட்டார்: "இங்கு நாடி பார்க்கப்படமாட்டாது. வாச்சைப் பற்றி எங்களுக்கும் தெரியாது."

அப்படியும் ஆட்கள் வந்தார்கள். ஒரு அம்மா கெஞ்சி, வெறும் டம்மியைக் கட்டிப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமே காட்டலையே தம்பி, எனக்கு என்னமோ ஆயிருச்சு!" என்று அழ ஆரம்பித்துவிட்டார். அவருக்கு ஒரு சோடா வாங்கிக் கொடுத்து அனுப்பினோம்.

வெள்ளிக்கிழமை வாச்சு வந்தது. பத்தரைக்குப் பிறகு ராகுகாலம், அது முடிய ஜும்மா. தொழுகை முடிந்து நானா வந்ததும், பொட்டும் பிஸ்மியுமாகப் பெட்டியைத் திறந்தோம். ரெப் டம்மியைப் பார்த்துவிட்டு, "அங்கிள், எல்லாக் கடையிலயும் ஸ்டிக்கர் இருக்கு. உங்க கடையில மட்டும் எங்க போச்சு?" என்றார். பதில் சொல்ல நேரமில்லை. யட்டவத்தை வேனில் வந்த ஆள் முதல் வாச்சைக் கட்டிப் பார்த்தார். தொண்ணூற்று நான்கு காட்டியது. "இது பிழை" என்றார். "அந்தப் பழைய வாச்சுதான் சரி. அதையே குடுங்க." அவருக்குப் பின்னால் நின்ற மூன்று பேரும் பழையதுதான் வேண்டும் என்றார்கள். யானைக்கு அடிக்கவில்லை. ராகுகாலமும் காட்டவில்லை.

அதனால் பிள்ளைகளே, அடுத்த மாத வாச்சைப் பற்றி யார் எது கேட்டாலும், தெரிந்ததைச் சொல்லுங்கள். தெரியாததற்குத் தெரியாது என்று சொல்லுங்கள். எதிரே இருப்பவர் முகம் வெளிறியிருந்தால் இன்னும் சத்தமாகச் சொல்லுங்கள். இரக்கம் வரும்போதுதான் நம் நாக்கு அதிகமாக வழுக்கும். எனக்கு அப்படித்தான் வழுக்கியது.

கருப்பையா அண்ணன் ஒன்பது நாள் வார்டில் இருந்தார். இரண்டு மாதம் கழித்துக் கடைக்கு வந்தார். மெலிந்திருந்தார், கால் வீக்கம் வற்றியிருந்தது. முதல் நம்பர் வாச்சு வேண்டாம் என்றார். கிளினிக் கொப்பியை எடுத்துக் கவுண்டரில் விரித்தார். அட்டையின் உள்பக்கத்தில் அந்த ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. பத்து பத்து, மேகம், ஹார்ட், எழுபத்திரண்டு. ஒரு ஓரம் மடங்கியிருந்தது.

"வார்டுல சட்டையக் கழட்டச் சொன்னாங்க. முதுகுல ஒட்டியிருந்துச்சு. நீ உதறினப்போ கதிரையில விழுந்திருக்கு" என்றார். "ஒவ்வொரு தடவையும் டொக்டரம்மா கேக்குறாங்க, இது என்னாதுன்னு. மைல்கட்டைன்னு சொன்னேன். லொறிக்காரனுக்கு எங்க போய்ச் சேரணும்னு எழுதி வச்சாத்தான் ஓட்ட வரும். போன மாசம் நூத்திப் பத்து. இன்னைக்கு எண்பத்தாறு."

"இன்னும் கொஞ்சந்தான் அண்ணே" என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"நீ ஒண்ணும் சொல்லாத" என்றார் கருப்பையா அண்ணன். "மிஸ்ஸி சொல்லுவாங்க."